வெளிநாட்டுத் தூதரகத்தில் அரசு வேலை: சம்பளம், திறமைக்கேற்ற ஊதியம், பணியிடச் சிக்கல்கள் – கொங்கு நாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொங்கு நாட்டில் வெளிநாடு என்றாலே ஏற்றுமதியோ ஐ.டி. வேலையோதான் நினைவுக்கு வரும். ஆனால் எஸ்.எஸ்.சி. என்ற மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதி வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்து, அங்கிருந்து தூதரகங்களுக்குப் போகிற பிள்ளைகள் கோபியிலும் தாராபுரத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் கட்டிக்கொண்டவர்களும், சில சமயம் அவர்களே கூட, என்னிடம் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். தூதரகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் சம்பளக் கேள்விகளுக்குப் பதில் சற்று நீளமாகவே வரும்.

வெளிநாட்டில் இருக்கும்போது சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இரண்டு பங்காக. முதல் பங்கு, உள்நாட்டில் உள்ள அதே அடிப்படைச் சம்பளம். உதவிப் பிரிவு அலுவலர் ஏழாவது ஊதிய நிலையில் 44,900 ரூபாயில் தொடங்குகிறார். டெல்லியில் இருந்தாலும் லிஸ்பனில் இருந்தாலும் இது மாறாது.

மாறுவது மற்றதெல்லாம். உள்நாட்டில் அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். வாடகைப்படி கோவையில் 20 விழுக்காடு, டெல்லியில் 30 விழுக்காடு. விமானம் ஏறி வெளிநாட்டுப் பணியில் சேர்ந்ததும் இவை இரண்டும் நின்றுவிடும். அவற்றின் இடத்தில் வெளிநாட்டுப் படி வரும், குடியிருக்க அரசே வீடு தரும். இவற்றையெல்லாம் வகுப்பது இந்திய வெளியுறவுப் பணியின் சம்பளம், விடுப்பு, ஈட்டுப் படிகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு விதிகள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் எல்லாம் அந்த விதிகளுக்குள்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பணி ஆணை கையில் கிடைத்த அன்றே அந்த விதிகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடச் சொல்லுங்கள். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெண் வீட்டார் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். வெளிநாட்டுப் படியையும் சேர்த்துச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். வெளிநாட்டுப் படி அந்த ஊரில் வாழ ஆகும் கூடுதல் செலவை ஈடுகட்டத் தருவது. அந்த ஊரின் விலைவாசியை ஒட்டி அது நிர்ணயிக்கப்படுகிறது, மாற்றப்படுகிறது. சிக்கனமாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் ஊர் திரும்பி டெல்லியில் பணியில் சேரும் நாளில் அந்தத் தொகை முழுவதும் மறைந்து, பழைய சம்பளச் சீட்டு கைக்கு வரும். மாப்பிள்ளைக்கு மாதம் இத்தனை லட்சம் என்று சொல்லித் திருமணம் முடித்து, மூன்றாம் ஆண்டு டெல்லி வாடகை வீட்டில் சண்டை தொடங்கிய குடும்பங்கள் உண்டு. அடிப்படைச் சம்பளத்தையும் ஊதிய நிலையையும் சொல்லுங்கள். விவரம் தெரிந்த பெண் வீட்டாருக்கு அது போதும்.

நன்றாக உழைத்தால் வெளிநாட்டுப் படி கூடுமா?

கூடாது. படியை முடிவுசெய்வது ஊரும் பதவித் தரமும்தான். ஒரே தூதரகத்தில் ஒரே தரத்தில் உள்ள இருவரில் ஒருவர் இரவு ஒன்பது மணி வரை கோப்புப் பார்த்தாலும், மற்றவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தாலும் இருவருக்கும் ஒரே படி.

ஆண்டு ஊதிய உயர்வும் அப்படித்தான். 44,900 ரூபாய் வாங்குபவருக்கு ஓராண்டு கழித்து 3 விழுக்காடு உயர்ந்து 46,200 ஆகும். அந்த 1,300 ரூபாய் இருவருக்கும் பொது. உழைப்பு காசாக மாறுவது வேறு இடத்தில், அதுவும் வெகு தாமதமாக. பதவி உயர்வு கிடைக்கும்போதும், பதவி உயர்வே கிடைக்காதவருக்கு 10, 20, 30 ஆண்டுகளில் அடுத்த ஊதிய நிலையைத் தரும் எம்.ஏ.சி.பி. திட்டத்தின்போதும்தான் ஒருவர் எப்படி வேலை செய்தார் என்ற கேள்வி எழுகிறது. அப்போது யாரும் தூதரகத்துக்கு வந்து விசாரிப்பதில்லை. எடுத்துப் பார்ப்பது ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கையை, அதாவது எல்லோரும் 'ஏபிஏஆர்' என்று சொல்வதை மட்டும்தான். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பளக் கவலை என்றால், அவர் கவலைப்பட வேண்டியது அந்தத் தாளைப் பற்றி. கீழே அதற்கு விரிவாக வருகிறேன்.

அரசு ஊழியர்களுக்கும் திறமைக்கேற்ற ஊதியம் வரப்போகிறது என்கிறார்களே?

பல ஆண்டுகளாகவே வரப்போகிறது. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான ஆறாவது ஊதியக் குழு 2008-இல் செயல்திறன் சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அணுசக்தி, விண்வெளித் துறைகளில் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற அமைச்சகங்களில் வேர் பிடிக்கவில்லை. நீதிபதி ஏ.கே. மாத்தூர் தலைமையிலான ஏழாவது குழு 2015 நவம்பரில் தந்த அறிக்கையில், எல்லா ஊழியர்களுக்கும் செயல்திறன் சார்ந்த ஊதியம் வேண்டும், இப்போதைய போனஸ் திட்டங்கள் அதற்குள் அடங்க வேண்டும் என்றது. போனஸ் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? கெசட் பதவியில் இல்லாத மத்திய அரசு ஊழியருக்குத் தீபாவளியை ஒட்டி வரும் தற்காலிக போனஸ் 6,908 ரூபாய். மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 30 நாளுக்குப் போட்ட கணக்கு அது. அதற்கும் யார் எப்படி வேலை செய்தார் என்பதற்கும் தொடர்பில்லை.

ஏழாவது குழுவின் பரிந்துரைகளில் உண்மையில் கடித்தது வேறொன்று. எம்.ஏ.சி.பி. உயர்வு பெற மதிப்பீட்டு அறிக்கையில் 'நன்று' என்றிருந்தால் போதும் என்ற நிலை மாறி, 'மிக நன்று' வேண்டும் என்றாயிற்று. அரசு இதை 2016 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. இது சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் 'நன்று' என்று எழுதுவதை மரியாதையான பாராட்டாக நினைத்த பழைய அதிகாரிகளின் கீழ் வேலை செய்தவர்களுக்கு அது பேரிடி.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது குழு 2025 நவம்பரில் அமைக்கப்பட்டது. அறிக்கை தர 18 மாத அவகாசம். அதற்குள் யூடியூபில் வரும் சம்பளப் பட்டியல்களை நம்பி வீட்டுக் கடன் வாங்க வேண்டாம்.

திருப்பூரில் பீஸ் ரேட் நன்றாகத்தானே நடக்கிறது? தூதரகத்தில் மட்டும் ஏன் முடியாது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பனியன் கம்பெனி நடத்துபவர். நியாயமான கேள்வி. தையல் மெஷினில் உட்காருபவர் எத்தனை பீஸ் தைத்தார் என்று எண்ணலாம். தையல் பிசகியிருந்தால் செக்கிங் மேசையில் தெரிந்துவிடும். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கூலியைக் கொடுத்துவிடலாம். துணி வராமல் மெஷின் நின்றால் அது தைப்பவரின் குற்றமல்ல என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தூதரகத்தில் எதை எண்ணுவது? வளைகுடாத் தூதரகம் ஒன்றின் நலப் பிரிவில் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் தராமல் ஏமாற்றப்பட்ட தொழிலாளி வருவார். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர் வருவார். இறந்துபோன ஒருவரின் உடலைக் கோவை விமான நிலையத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குக் காவல்துறைக் கடிதம், மருத்துவமனைச் சான்று, கம்பெனியின் ஒப்புதல், பணமில்லை என்றால் 2009-இல் தொடங்கிய இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து உதவி என்று பல படிகள் உண்டு. இதில் பாதி அந்த நாட்டு அலுவலகங்களின் கையில் இருக்கிறது. முடித்த கோப்புகளை எண்ணி ஊதியம் தந்தால் என்ன ஆகும்? எளிதான பாஸ்போர்ட் புதுப்பிப்புகள் மளமளவென்று நடக்கும். உடலை அனுப்பும் கோப்பை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கை கேட்கப்பட்ட மாதங்களில் எந்தக் கோப்பு அடியில் போகும் என்று எந்தப் பிரிவு எழுத்தரையும் கேட்டுப் பாருங்கள்.

வர்த்தகப் பிரிவு இன்னும் வேடிக்கை. ஏற்றுமதி உயர்ந்தால் அதிகாரிக்கு ஊக்கத்தொகை என்று வைப்போம். 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது திருப்பூர் ஆர்டர்கள் அடிவாங்கின. அந்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த வர்த்தகப் பிரிவு ஊழியர்கள்தான் ஒருவேளை அதிகமாக அலைந்திருப்பார்கள். எண்ணிக்கைப்படி பார்த்தால் அவர்களுக்குத்தான் சம்பளம் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சின்னத் தூதரகங்களில் இந்தியாவிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பார்கள். பத்துப் பேரில் மூவருக்கு மட்டும் ஊக்கத்தொகை என்றால், மற்ற ஏழு பேரும் அதே குடியிருப்பில்தான் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளி வண்டியில்தான் போகிறார்கள். திறமைக்கு மதிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் மதிப்பிடும் முறை சரியாகட்டும், காசு பிறகு பின்னால் வரட்டும். இப்போதுள்ள அறிக்கையையே ஒழுங்காக எழுதத் தெரியாதவர்கள் கையில் பணப்பெட்டியையும் கொடுத்தால் மேலதிகாரியிடம் வாலைக் குழைப்பவர்தான் அதிகம் சம்பாதிப்பார்.

மற்ற நாடுகளில் இது எப்படி நடந்தது?

அமெரிக்காவின் அனுபவம் படிக்க வேண்டியது. அங்கே வாஷிங்டனில் வேலை செய்யும் மத்திய அரசு ஊழியருக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டார ஊதியம் என்று ஒரு கூடுதல் பங்கு உண்டு. தூதரகப் பணிக்கு வெளிநாடு போனால் அது நின்றுவிடும். 2009-இல் அந்தப் பங்கு ஏறக்குறைய 23 விழுக்காடு. அதாவது நாட்டுக்காகக் கடல் கடந்தவருக்குச் சம்பள வெட்டு.

மேல்நிலை அதிகாரிகளுக்கு மட்டும் இந்தக் குறை முதலில் தீர்ந்தது. 2004-இல் அவர்களைச் செயல்திறன் ஊதிய முறைக்கு மாற்றியபோது வட்டார ஊதியமும் அதற்குள் கலந்துவிட்டது. நடுநிலையிலும் கீழ்நிலையிலும் இருந்தவர்கள் ஐந்தாண்டு காத்திருந்தார்கள். 2009-இல் வந்த சட்டம் மூன்று தவணைகளில் அந்த இடைவெளியை மூட வழி செய்தது. இரண்டு தவணை வந்தது, மூன்றாவது வரவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் குடிமைப் பணியாளர்களுக்கென்று 2003-இல் சட்டம் பெற்று ஒரு பெரிய செயல்திறன் ஊதிய முறையைக் கொண்டுவந்தது. அது நியாயமாக இல்லை என்ற புகார்கள் பெருகி, 2009 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றமே அதை ரத்து செய்தது.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். திறமை ஊதியம் என்ற பெயரில் என்ன வருகிறது என்பதைவிட, அது யாருக்கு முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டு அறிக்கையை எப்படி எழுதுவது? மகன் "நான் வேலையைச் செய்கிறேன், அது போதும்" என்கிறான்.

போதாது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள வாய் வராது. ஊரில் அது நல்ல குணம். சுயமதிப்பீட்டுப் பகுதியில் அது நஷ்டம்.

மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. சுயமதிப்பீட்டை ஏப்ரல் 15-க்குள் கொடுக்க வேண்டும். நேர் அதிகாரி ஜூன் 30-க்குள்ளும், அதற்கு மேலே உள்ளவர் ஜூலை 31-க்குள்ளும் எழுத வேண்டும். மதிப்பெண் ஒன்று முதல் பத்து வரை. எட்டும் அதற்கு மேலும் 'மிகச் சிறப்பு', ஆறு முதல் எட்டுக்குக் கீழ் வரை 'மிக நன்று', நான்கு முதல் ஆறுக்குக் கீழ் வரை 'நன்று'. 5.9-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் சில ஆண்டுகள் கழித்து ஓர் ஊதிய நிலையாகவே மாறலாம்.

பலர் "ஒப்படைக்கப்பட்ட பணிகள் அனைத்தையும் செவ்வனே செய்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு எழுத என்ன கிடைக்கும்? எந்தப் பிரிவு, தேங்கிக்கிடந்த கோப்புகள் எத்தனை, அவற்றில் முடிந்தவை எத்தனை, முடியாதவை ஏன் முடியவில்லை, ஆட்குறைவு எத்தனை மாதம் இருந்தது, வேறொருவர் வேலையைச் சேர்த்துப் பார்த்தது எந்தெந்த மாதம் – இதை எழுத வேண்டும். தணிக்கைக் குறிப்பு ஒன்று பல ஆண்டாக நின்று, அதைத் தீர்த்திருந்தால் அதன் எண்ணோடு எழுதுங்கள். மாதா மாதம் ஒரு நோட்டில் நாலு வரி குறித்து வைத்தால் ஏப்ரலில் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

வெளிநாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதிகாரிகள் அடிக்கடி மாறுவார்கள். ஒருவரின் கீழ் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருந்தால்தான் அவர் அறிக்கை எழுத முடியும். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் மாற்றலாகிப் போகும் முன்பே அந்தக் காலத்துக்கான அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர் வேறொரு கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மின்னஞ்சலில் நினைவூட்டுவது சங்கடம், அவருக்கும் நினைவிருக்காது. ஓய்வுபெறுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஓய்வுக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் எழுதியாக வேண்டும்.

மதிப்பெண் குறைவாக வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில், அது உங்கள் கண்ணில் படுவதே ஓர் உரிமை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பெல்லாம் மோசமான குறிப்பை மட்டுமே ஊழியருக்குக் காட்டுவார்கள். எல்லைச் சாலைப் பணியில் இருந்த தேவ் தத் என்ற பொறியாளருக்கு ஓராண்டு 'நன்று' என்று எழுதப்பட்டிருந்தது. பதவி உயர்வுக்கோ 'மிக நன்று' தேவை. அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. எந்தக் குறிப்பானாலும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டும் முறை வந்தது.

அறிக்கை கைக்கு வந்த 15 நாளுக்குள் முறையீடு செய்ய வேண்டும். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், கோவில் விசேஷம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று இந்த 15 நாளைத் தவறவிட்டவர்கள் நிறைய. முறையீட்டில் அதிகாரியின் குணத்தைப் பற்றி எழுதாதீர்கள். அவர் எழுதிய வாக்கியத்தை எடுத்து, அதற்கு எதிரான ஆவணத்தைக் கீழே வையுங்கள். எண்ணும் எழுத்தும் முரண்படுகிறதா பாருங்கள். பாராட்டி எழுதிவிட்டு ஐந்து மதிப்பெண் போட்ட அறிக்கைகள் உண்டு, அவற்றை உடைப்பது எளிது.

அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். துறைக்குள் உள்ள வழிகளை முதலில் முடித்திருக்க வேண்டும். இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, அதற்கடுத்த ஓராண்டுக்குள் போகலாம். நமக்கு அருகில் உள்ள அமர்வு சென்னையில் இருக்கிறது.

மகளுக்கு மேலதிகாரியால் தொந்தரவு. அவர்தான் மதிப்பீட்டு அறிக்கையும் எழுதுபவர். புகார் கொடுத்தால் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயப்படுகிறாள்.

இந்தப் பயத்தை அற்பமாக நினைக்காதீர்கள். உள்ளூரில் என்றால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். தூதரகத்தில் அந்த அதிகாரியே விடுப்பு தருபவர், வீடு ஒதுக்குவதில் கையெழுத்துப் போடுபவர், ஞாயிற்றுக்கிழமை விருந்திலும் எதிரே உட்காருபவர். ஊர் உறவு எதுவும் பக்கத்தில் இருக்காது.

ஆனால் சட்டத்தில் இதற்கென்றே ஒரு கதவு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அதன் கீழ் வகுத்த விதிகளின்படி, விசாரணை நடக்கும் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் புகார் கொடுத்த பெண்ணின் செயல்திறன் அறிக்கையை எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்கு மாற்ற வேண்டும் என்று புகாரை விசாரிக்கும் குழு பரிந்துரைக்கலாம். இடமாற்றமும் மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், அந்த விடுப்பு அவருடைய வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தேதி, இடம், யார் பார்த்தது, வந்த குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் அலுவலகக் கணினியில் அல்லாமல் சொந்த இடத்தில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று: "பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிடு அம்மணி" என்று போனில் சொல்வது.

பெண்களுக்கு இந்தப் பணியில் பாகுபாடு இன்னும் இருக்கிறதா?

விதிப் புத்தகத்தில் இருந்தது நீங்கிவிட்டது. அது தானாக நீங்கவில்லை. வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, குடகைச் சேர்ந்தவர், சென்னையில் படித்தவர். அந்தக் காலத்து நடத்தை விதியின்படி, பெண் அதிகாரி திருமணம் செய்யும் முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவர் ராஜினாமா செய்ய நேரிடும். ஆணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே அவருக்கு உயர்வு வந்துவிட்டது. ஆனாலும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1979 தீர்ப்பில் அந்த விதிகளைக் கடுமையாகவே சாடினார். தகுதிக் குறைவு என்று சொல்லித்தான் அவருக்கு உயர்வு மறுக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தகுதியை அளப்பவர் யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது.

மருமகள் கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறாள். கூடப் போனால் அங்கே வேலை பார்க்கலாமா?

போகும் நாட்டைப் பொறுத்தது. தூதரக ஊழியர்களின் குடும்பத்தார் வேலை பார்ப்பது பற்றி இந்தியா பல நாடுகளோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஒப்பந்தம் உள்ள நாட்டில் தூதரகம் வழியாக அனுமதி கேட்டுப் பெற்ற பிறகே வேலையில் சேரலாம். அந்த வேலை தொடர்பான விஷயங்களில், வழக்குகளிலிருந்து காக்கும் தூதரகப் பாதுகாப்பு பொருந்தாது, வருமானத்துக்கு அந்நாட்டு வரியும் கட்ட வேண்டும். பணி ஆணை வருமுன் நாடுகளின் பட்டியலைப் பார்த்து விருப்பம் தெரிவிக்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். ஒரு சம்பளம் நிற்பது வெளிநாட்டுப் படியைத் தின்றுவிடும்.

மாமன் மகன் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறார். பையன் அங்கே நாலு ஆர்டர் பிடித்துக் கொடுத்தால் என்ன தப்பு?

வேலையே போகும் தப்பு. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 42-ஆவது பிரிவு, தூதரக அதிகாரி சொந்த லாபத்துக்காக எந்தத் தொழிலும் வியாபாரமும் செய்யக் கூடாது என்கிறது. நம் நடத்தை விதிகளும் அதையே சொல்கின்றன. உறவினர் கம்பெனி விவரத்தைத் தூதரக வர்த்தகப் பிரிவுக்கு மற்ற ஏற்றுமதியாளர்களைப் போல முறைப்படி அனுப்புங்கள், அது உரிமை. பையன் வாயிலாக அனுப்பாதீர்கள்.

வரி எங்கே கட்டுவது?

அடிப்படைச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி உண்டு. வெளிநாட்டில் இருப்பதால் அது வெளிநாட்டு வருமானம் ஆகிவிடாது, இந்தியாவில் ஈட்டியதாகவே சட்டம் கருதுகிறது. அரசு வெளிநாட்டில் தரும் படிகளுக்கும் சலுகைகளுக்கும் வரி இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 10(7) பிரிவு. புதிய 2025 சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆகவே ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொல்லி வாதாட வேண்டாம்.

சுங்கவரி விஷயத்தில் அதிகாரிக்கும் நிர்வாக ஊழியருக்கும் வித்தியாசம் உண்டு. வியன்னா ஒப்பந்தப்படி நிர்வாக, தொழில்நுட்ப ஊழியருக்கு முதன்முதலாகக் குடியேறும்போது கொண்டுவரும் பொருள்களுக்குத்தான் விலக்கு. பிறகு ஆண்டுதோறும் எதையாவது வரவழைத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆபத்தான ஊருக்கு மாற்றல் வந்தால் மறுக்கலாமா?

தூதரக ஊர்கள் வசதியைப் பொறுத்து ஏ ஸ்டார், ஏ, பி, சி, சி ஸ்டார் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமாக மூன்று ஆண்டு, கடினமான ஊர் என்றால் இரண்டு ஆண்டு. நல்ல ஊர் மட்டும் வேண்டும் என்று சொல்ல முடியாது, சுற்று முறையில் எல்லோருக்கும் வரும். மருத்துவக் காரணம் இருந்தால் ஆணை வருமுன்பே ஆவணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து வெறும் பேச்சல்ல. 2008 ஜூலையில் காபூல் தூதரகத்தின் மீது நடந்த குண்டுவெடிப்பில் இந்திய அதிகாரிகளும் காவலர்களும் இறந்தார்கள். 2015-இல் ஏமனிலிருந்தும் 2022-இல் உக்ரைனிலிருந்தும் 2023-இல் சூடானிலிருந்தும் இந்தியர்களை மீட்டபோது, மற்றவர்கள் கிளம்பிய ஊரில் தங்கிப் பட்டியல் எழுதியவர்கள் இந்தக் கீழ்நிலை ஊழியர்கள்தான். சூடான் மீட்புக்கு 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர். அந்த வேலைக்கெல்லாம் மிகைநேர ஊதியம் கிடையாது. அப்படிப்பட்ட மாதங்களைச் சுயமதிப்பீட்டில் எழுத மறக்கும் பிள்ளைகளை என்ன சொல்வது!

எங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் பிள்ளை வர முடியுமா?

பெற்றோர் உட்பட நெருங்கிய குடும்பத்தாரின் கடும் நோய்க்கோ இறப்புக்கோ வரம்புக்கு உட்பட்டு அவசரப் பயண உதவி உண்டு. மருத்துவமனைக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். அதைவிட முக்கியம், உங்கள் பெயர்கள் பிள்ளையின் பணிப் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்ப்பது. "பழனிச்சாமி" ஒரு தாளிலும் "பழனிசாமி கவுண்டர்" இன்னொரு தாளிலும் இருந்தால் அவசரத்தில் இழுபறியாகும்.

வீட்டு வேலைக்கு ஊரிலிருந்து ஆள் கூட்டிப் போகலாமா?

அந்நாட்டுக் கூலிச் சட்டம் பொருந்தும் என்பதை மனத்தில் வைத்துத்தான். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி ஒருவர் கைதானது பணிப்பெண்ணின் விசாவுக்குக் காட்டிய சம்பளம் பற்றிய குற்றச்சாட்டில்தான். இரண்டு நாட்டு உறவே ஆட்டம் கண்டது. சொந்தக்காரப் பெண், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்ற பேச்சு அங்கே செல்லாது.

தோட்டம் வாங்க, ஓட்டுப் போட?

அசையாச் சொத்து வாங்கினாலும் விற்றாலும் துறைக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், ஆண்டுதோறும் ஜனவரி 31-க்குள் சொத்து அறிக்கை தர வேண்டும். அப்பா பெயரில் கிரயம் செய்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரத்துக்கு இந்தியாவில் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் திரும்பி வரும் பத்திரங்களில் பல இந்தத் தேதியைத் தாண்டியவை.

ஓட்டுக்கு, வெளிநாட்டில் பணிபுரியும் இந்திய அரசு ஊழியர் பணி வாக்காளராகச் சொந்த ஊர்த் தொகுதியிலேயே பதியலாம். படிவம் 3. கூட வசிக்கும் மனைவிக்கும் அது பொருந்தும். 2021 திருத்தத்துக்குப் பிறகு பெண் ஊழியரின் கணவருக்கும் பொருந்தும். தபால் வாக்குச்சீட்டு மின்னணு முறையில் வரும். அச்செடுத்துக் குறித்துத் தபாலில் அனுப்ப வேண்டும்.